84 நாள் மருந்து, 84 நாள் காத்திருப்பு: ஹெபடைடிஸ் சி சிகிச்சையில் இருப்பவர் வீட்டுக்கு 30 குறிப்புகள்

அம்மாவுக்கு ஹெபடைடிஸ் சி என்று ரிப்போர்ட் வந்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. 1993-ல் கர்ப்பப்பை ஆபரேஷனின்போது ஏற்றிய ரத்தத்தின் வழியாக வந்திருக்கலாம் என்றார் டாக்டர். நம் நாட்டு ரத்த வங்கிகளில் இந்த வைரஸுக்கான பரிசோதனை கட்டாயமானது 2000-களின் தொடக்கத்தில்தான். விசாரிக்க வந்தவர்கள் எல்லாம், வாராவாரம் ஊசி போட்டு, காய்ச்சலில் கிடந்து, முடி கொட்டி, மனம் ஒடிந்துபோன யாரோ ஒருவரின் கதையைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தக் கதை பொய்யில்லை, ஆனால் பழையது. இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் 24 அல்லது 48 வாரம் கொடுத்த காலம் அது. வைரஸின் ஜெனோடைப் 1 வகைக்கு, அத்தனை பட்டும் பாதிப் பேர்தான் குணமானார்கள். 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் என்னும் மாத்திரை அனுமதி பெற்றது. 2015-ல் இந்திய நிறுவனங்களே அதைத் தயாரித்து விற்கத் தொடங்கின. இன்று பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம், அதாவது 84 நாள், தினம் ஒரு வேளை மாத்திரை. அதை ஒழுங்காக முடித்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கு வைரஸ் அடியோடு போய்விடுகிறது.

மருந்தை எழுதித்தருவது டாக்டர். அந்த 84 நாளையும் தவறாமல் கடத்திவிடுவது வீட்டில் இருப்பவர்கள் வேலை. அதற்கு எங்களுக்குக் கைகொடுத்தவையும், டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவையும் இங்கே.

தொடங்குவதற்கு முன்

1. மருந்துப் பையை அப்படியே கொண்டுபோங்கள். வீட்டில் அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை, டானிக், லேகியம், சூரணத்தையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேசையில் வையுங்கள். வாயால் சொன்னால் ஒன்றிரண்டு விட்டுப்போகும். இதயத்துடிப்புக்கான அமியோடரோன், சோஃபோஸ்புவிருடன் சேர்ந்தால் துடிப்பை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். வலிப்புக்கான கார்பமாசெபின், ஃபெனிடாயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை புது மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். கொழுப்பு மாத்திரை, எச்.ஐ.வி. மருந்து, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் இவற்றின் அளவையும் சரிபார்க்க வேண்டும்.

2. 'பி' வைரஸ் பரிசோதனை முடிந்ததா என்று கேளுங்கள். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்பில் அடங்கிக் கிடந்தால், சி வைரஸ் போகிற வேகத்தில் அது தலைதூக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016-ல் இந்த மருந்துகள் எல்லாவற்றுக்கும் இந்த எச்சரிக்கையைச் சேர்த்தது. எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்னும் ரத்தப் பரிசோதனையை முதலிலேயே செய்துவிட வேண்டும். 'பி' இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்றால் அதற்கான தடுப்பூசியைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஹெபடைடிஸ் சி-க்கு இன்னும் தடுப்பூசி கிடையாது.

3. வைரஸ் எண்ணிக்கையைப் பார்த்து மிரளாதீர்கள். ரிப்போர்ட்டில் 'வைரல் லோடு' 40 லட்சம் என்று இருக்கும். அதைப் பார்த்து அழுதவர்களில் நானும் ஒருத்தி. அந்த எண் பெரிதாக இருப்பதால் கல்லீரல் அதிகம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "ஈரல் சுருக்கம் இருக்கிறதா, இல்லையா?" பிளேட்லெட் அளவு, எஸ்.ஜி.ஓ.டி., ஸ்கேன், தேவைப்பட்டால் ஃபைப்ரோஸ்கேன் இவற்றை வைத்து டாக்டர் சொல்வார். எந்த மருந்து, எத்தனை வாரம், எதைச் சாப்பிடலாம் என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது. அதை ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்.

4. காசில்லை என்று தள்ளிப்போட வேண்டாம். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரியுங்கள். ஈரல் சுருக்கம் இல்லாதவர்களுக்குச் சோஃபோஸ்புவிரும் டக்ளடாஸ்விரும் 12 வாரம். சுருக்கம் இருந்தும் கல்லீரல் சமாளித்துக்கொண்டிருந்தால் சோஃபோஸ்புவிரும் வெல்படாஸ்விரும் 12 வாரம். வயிற்றில் நீர் கோக்கும் நிலைக்குப் போனவர்களுக்கு இவற்றோடு ரிபாவிரினும் சேரும். ரிபாவிரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது இல்லாமல் 24 வாரம் வரை நீளும்.

5. குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரிபாவிரின் கருவைக் கடுமையாகப் பாதிக்கும். அதைச் சாப்பிடுவது மனைவியானாலும் கணவரானாலும், சிகிச்சை முடிந்தும் குறைந்தது 6 மாதம் கர்ப்பம் கூடாது. ரிபாவிரின் இல்லாத மருந்துகளையும் கர்ப்ப காலத்தில் பொதுவாகத் தொடங்குவதில்லை. கூச்சப்பட்டு மறைக்கிற விஷயமில்லை இது.

மாத்திரை நேரம்

6. ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தோடு முடிச்சுப் போடுங்கள். "ராத்திரி எட்டரை மணி" என்பதைவிட, "சாப்பிட்டுக் கை கழுவியதும்" என்பது மனசில் நிற்கும். சோஃபோஸ்புவிர், டக்ளடாஸ்விர், வெல்படாஸ்விர் மூன்றையும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் எடுக்கலாம். ரிபாவிரினைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். கிளெகாப்ரெவிர், பிப்ரென்டாஸ்விர் சேர்ந்த மாத்திரை எழுதியிருந்தால் அதையும் வெறும் வயிற்றில் போடக்கூடாது. எதுவானாலும் தினமும் ஒரே நேரம் என்பது முக்கியம்.

7. சுவர்க் காலண்டரில் 1 முதல் 84 வரை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். மாத்திரை உள்ளே போன பிறகுதான் அன்றைய எண்ணை அடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அப்பாவின் பொறுப்பு. அம்மா தண்ணீர் தம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் அவர் பேனாவை எடுப்பார். "போட்டேனா, இல்லையா?" என்ற சந்தேகம் 84 நாளில் ஒரு முறைகூட வரவில்லை.

8. மறந்துவிட்டால் பதறாதீர்கள், இரட்டிப்பும் போடாதீர்கள். அன்றைக்குள் நினைவு வந்தால் வந்த உடனே சாப்பிட்டுவிட வேண்டும். அடுத்த வேளைக்கே நேரமாகிவிட்டால், அதை மட்டும் வழக்கம்போல் சாப்பிடுங்கள். விட்டதற்குச் சேர்த்து இரண்டு வேண்டாம். மாத்திரை போட்டு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால், இன்னொன்று எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் அன்றே போன் செய்து கேளுங்கள். விட்டுப்போன நாளைக் காலண்டரில் வட்டமிட்டு, அடுத்த முறை போகும்போது மறைக்காமல் சொல்லுங்கள்.

9. மாத்திரையை அதன் டப்பாவிலேயே வையுங்கள். ஒரு டப்பாவில் பெரும்பாலும் 28 மாத்திரை இருக்கும். உள்ளே கிடக்கும் சின்னப் பொட்டலம் ஈரத்தை உறிஞ்சுவதற்கு. அதைத் தூக்கி எறியாதீர்கள். குளியலறை அலமாரி, அடுப்பு மேடை, வெயிலில் நிற்கும் கார் மூன்றும் மாத்திரைக்கு ஆகாத இடங்கள். 7 மாத்திரை மீதி இருக்கும்போதே அடுத்த டப்பாவுக்குப் போய்விடுங்கள். பண்டிகை லீவு குறுக்கே வரலாம், அரசு மருந்தகத்தில் இருப்பு தீர்ந்திருக்கலாம். வெளியூர் போனால் டப்பா கைப்பையில் இருக்கட்டும். 37-ஆம் நாள் கல்யாண வீட்டுக்குப் போனபோது நாங்கள் டப்பாவை மறந்துவிட்டோம். தம்பி இரவு பதினொரு மணிக்கு பைக்கில் கொண்டுவந்து கொடுத்தான்.

10. 'கேஸ் மாத்திரை'யை நீங்களாகப் போடாதீர்கள். பான்டபிரசோல், ஓமெப்ரசோல் போன்றவை நம் வீடுகளில் மிட்டாய் மாதிரி ஆகிவிட்டன. வெல்படாஸ்விரும் லெடிபாஸ்விரும் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தைக் குறைத்தால் மருந்து வீணாகிறது. நெஞ்செரிச்சலுக்கான ஆன்டாசிட் சிரப்பு குடித்தே ஆகவேண்டும் என்றால், இந்த மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள். அதைவிட நல்லது, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடிப்பதும், காரமும் பொரித்ததும் குறைப்பதும், தலைமாட்டை உயர்த்திப் படுப்பதும்.

11. பாதியில் வரும் நல்ல செய்தியில் ஏமாறாதீர்கள். பலருக்கு 4 வாரத்திலேயே ரத்தத்தில் வைரஸ் தென்படாமல் போகும். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு சரசரவென்று இறங்கும். "அதான் சரியாகிவிட்டதே" என்று நிறுத்தினால், ஒளிந்திருக்கும் வைரஸ் திரும்ப வளரும். மருந்துக்கு மசியாத வகையாகவும் அது மாறலாம். மாறாக, 4-ஆவது வாரம் கொஞ்சம் வைரஸ் மீதி தெரிந்தால் மருந்து தோற்றுவிட்டது என்றும் நினைக்காதீர்கள், மருந்தைத் தொடருங்கள்.

உடம்பு படுத்தினால்

12. சோர்வு: இதுதான் அதிகம் பேர் சொல்வது. நாள் முழுக்கப் படுக்கவைத்தால் சோர்வு கூடுமே தவிரக் குறையாது. காலையில் வெயில் ஏறுமுன் 20 நிமிட நடை, மதியம் அரை மணி நேரத் தூக்கம், இரண்டும் நல்லது. துணி துவைப்பது, தண்ணீர் தூக்குவது போன்ற வேலைகளை வீட்டில் மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளுங்கள். "பார்க்க நல்லாத்தானே இருக்கே?" என்ற பேச்சு வேண்டவே வேண்டாம். இந்தச் சோர்வு வெளியே தெரியாது.

13. தலைவலி: முதல் இரண்டு வாரம் வரும், பிறகு பெரும்பாலும் தானே அடங்கும். முதலில் இரண்டு தம்ளர் தண்ணீர், கொஞ்சம் இருட்டு, கொஞ்சம் தூக்கம். தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டுப் பாராசிட்டமால். ஈரல் சுருக்கம் இருப்பவர்கள் ஒரு நாளைக்கு 2 கிராமைத் தாண்டக்கூடாது; 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் மூன்றுக்கு மேல் கூடாது. சளிக்கும் காய்ச்சலுக்கும் வாங்கும் கூட்டு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை ஈரல் சுருக்கம் உள்ளவர்கள் தொடவே வேண்டாம். சிறுநீரகத்தைக் கெடுக்கும், குடலில் ரத்தக்கசிவும் உண்டாக்கும்.

14. குமட்டல்: மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரியுங்கள். இட்லி, இடியாப்பம், குழைந்த சாதத்தில் ரசம், அரிசிக் கஞ்சி, மோர் இவை தங்கும். ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப்போட்ட வெந்நீர் பலருக்குக் கேட்கிறது. தாளிப்பு வாசனையே ஒத்துக்கொள்ளவில்லை என்றால், சமையல் முடியும்வரை அவரை வாசல் பக்கம் உட்காரவையுங்கள். மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் தூக்கத்தோடு கடந்துவிடும்.

15. தூக்கமின்மை: மாத்திரை தூக்கத்தைக் கெடுப்பதாகத் தோன்றினால், நேரத்தைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரிபாவிரினை இரண்டு வேளை எடுப்பவர்கள் இரண்டாவது வேளையைப் படுக்கும் நேரத்துக்குத் தள்ளாமல் சாயங்காலமே கொஞ்சம் உணவோடு முடித்துவிடலாம். மதியம் மூன்றுக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். தூக்க மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிவிடாதீர்கள். கெட்டுப்போன கல்லீரல் அதை வெளியேற்ற முடியாமல் மயக்கம் மூளைக்கு ஏறும்.

16. அரிப்பு: வெந்நீர்க் குளியலை விட்டு வெதுவெதுப்பான அல்லது குளிர்ந்த நீரில் குளிக்கட்டும். ஈரம் காயும் முன்பே தேங்காய் எண்ணெய் தடவுங்கள். சாயம் போகாத புது நைலக்ஸ் புடவையை மூட்டைகட்டி வைத்துவிட்டு, துவைத்து நைந்த பருத்தித் துணி உடுத்தட்டும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். உடம்பெல்லாம் தடித்து, முகமும் உதடும் வீங்கினால் அது சாதாரண அரிப்பில்லை. அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

17. ரிபாவிரினும் ரத்தசோகையும்: ரிபாவிரின் சிவப்பணுக்களை உடைக்கும். அதனால் முதல் சில வாரங்களிலேயே ஹீமோகுளோபின் இறங்கும். 2-ஆவது, 4-ஆவது வாரம் ரத்தப் பரிசோதனை எழுதினால் அதைத் தவறவிடாதீர்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு படபடக்கிறதா, கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருக்கிறதா என்று வீட்டிலேயே கவனிக்கலாம். இது இரும்புச்சத்துக் குறைவால் வருவதில்லை என்பதால் இரும்பு டானிக் வாங்கி ஊற்றிப் பயனில்லை. டாக்டர் ரிபாவிரின் அளவைக் குறைப்பார். இதய நோய் உள்ளவர்கள் இதில் ஒரு நாளும் அலட்சியமாக இருக்கக்கூடாது.

18. சர்க்கரை நோயாளிகள் மீட்டரை அடிக்கடி எடுங்கள். இந்த வைரஸ் உடம்பில் இருக்கும்வரை இன்சுலினை வேலை செய்யவிடாது. அது போகப்போக, பழைய அளவு இன்சுலினும் மாத்திரையும் அதிகமாகிச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வியர்வை, கை நடுக்கம், கண் இருட்டல் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு மீட்டரில் பாருங்கள். அளவுகளை ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோனால் டாக்டர் மருந்தைக் குறைத்துத்தருவார்.

19. இந்தப் பட்டியலை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ரத்த வாந்தி. தார் போலக் கறுத்த மலம். கண் மஞ்சளாவது. வயிறு சில நாட்களில் வீங்குவது. காய்ச்சலோடு வயிற்றுவலி. மயங்கி விழுவது, நாடி மிக மெதுவாக அடிப்பது. பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, பேச்சுக் குழறுவது. இவற்றில் ஒன்று வந்தாலும் "நாளைக்குப் பார்ப்போம்" கிடையாது. ஈரல் சுருக்கம் உள்ளவரைத் தினமும் ஒரு நோட்டில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மூளைக்கு நச்சு ஏறத் தொடங்கும்போது, மற்றவை தெரிவதற்கு முன்பே கையெழுத்து கோணிப்போவது உண்டு. மலச்சிக்கல் இந்த நிலையைக் கூட்டும். லாக்டுலோஸ் சிரப்பு எழுதியிருந்தால், நாளுக்கு இரண்டு மூன்று முறை மலம் போகும்படி கொடுங்கள்.

அடுப்படியில்

20. கஞ்சிப் பத்தியத்தை விட்டுவிடுங்கள். கல்லீரல் என்றதும் பருப்பு, முட்டை, மீன், தயிர் எல்லாவற்றையும் நிறுத்தி வெறும் கஞ்சியில் போடுவது நம் வீட்டு வழக்கம். அன்பில் செய்கிற தவறு அது. உடம்புக்குப் புரதம் போதாவிட்டால் தசை கரையும், ஈரல் சுருக்கம் உள்ளவர்களுக்குத் தசை கரைவதே பெரிய ஆபத்து. அவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ இருப்பவருக்கு அது 72 கிராமுக்குக் குறையாது. ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்றால், எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பருப்பு, சுண்டல், பாசிப்பயறு அடை, தயிர், வேகவைத்த மீன் எல்லாம் நாள் முழுவதும் பிரிந்து வரட்டும்.

21. படுக்கும் முன் ஒரு சிற்றுண்டி. சுருங்கிய ஈரலால் இரவுக்குத் தேவையான சர்க்கரையைச் சேர்த்துவைக்க முடியாது. விடியற்காலையில் உடம்பு தன் தசையையே எரிக்கத் தொடங்கும். ஒரு தம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும், அல்லது சத்துமாவுக் கஞ்சி, படுக்கும் முன் உள்ளே போனால் அது தடுக்கப்படும். ஏகாதசி, சஷ்டி, நோன்பு என்று நீண்ட நேரம் வெறும் வயிற்றில் இருக்க விரும்பினால் டாக்டரிடம் முதலில் பேசுங்கள். நெஞ்செரிச்சலுக்காக முன்னதாகச் சாப்பிடுபவர்களுக்கு இந்தச் சிற்றுண்டியின் நேரத்தையும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

22. கால் வீக்கம் இருந்தால் உப்பைக் கட்டிப்போடுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம், பாக்கெட் மிக்சர் ஐந்தையும் மேசையிலிருந்து எடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. எலுமிச்சை, மிளகு, கொத்தமல்லி, சீரகப்பொடி கொண்டு ருசியைக் கூட்டலாம். சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கும். நீர் பிரிய ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது ஆபத்து. தினமும் காலைக்கடன் முடித்ததும் எடை பார்த்து எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் எடை கிடுகிடுவென்று ஏறினால் அது சதையில்லை, நீர்.

23. கீழாநெல்லி, சீந்தில் எல்லாம் இந்த 84 நாளும் வேண்டாம். மஞ்சள்காமாலை என்றால் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுப்பது தலைமுறை தலைமுறையாக வரும் அன்பு. ஆனால் மாசுபட்ட தண்ணீரில் பரவும் ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலும் தானே சரியாகிவிடும். பேர் மட்டும் மருந்துக்குப் போகும். ஹெபடைடிஸ் சி அப்படித் தானே போகிற நோயில்லை. பெரும்பாலோருக்கு உடம்பிலேயே தங்கி, 20, 30 ஆண்டுகளில் ஈரலைச் சுருக்குகிறது. கொரோனா காலத்தில் சீந்தில் தொடர்ந்து சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை இந்திய மருத்துவர்களே பதிவுசெய்திருக்கிறார்கள். பேர் இல்லாத பொட்டலத்தில் வரும் சூரணங்களில் கன உலோகம் கலந்திருந்தால், புது மருந்தின் பக்கவிளைவா அதனால் வந்த வினையா என்று டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்.

24. காபி உண்டு, மது கிடையாது. ஃபில்டர் காபி குடிப்பவர்கள் சந்தோஷப்படலாம். தினம் இரண்டு மூன்று கப் காபி குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சர்க்கரையைக் குறைத்து, காலையிலேயே குடித்துவிடுங்கள். மதுவில் 'கொஞ்சம்' என்ற கணக்கே இல்லை. பீரும் மதுதான், கள்ளும் மதுதான். விட முடியாமல் தவிப்பவரைத் திட்டாமல், அதற்கான மருத்துவ உதவிக்கு அழைத்துப்போங்கள். அதைக் காரணம் காட்டி ஹெபடைடிஸ் சி மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

வீட்டில் பரவாமல்

25. தட்டையும் தம்ளரையும் பிரிக்காதீர்கள். இது ரத்தத்தின் வழியாகப் பரவும் நோய். சேர்ந்து சாப்பிடுவதால், கட்டிப்பிடிப்பதால், இருமலால், ஒரே கழிப்பறையால் பரவாது. அம்மாவுக்குத் தனித் தட்டு வைத்தவர் எங்கள் சொந்தத்திலும் இருந்தார். அன்று அம்மா சாப்பிடாமலே எழுந்துவிட்டார். பிரிக்க வேண்டியவை வேறு: சவர பிளேடு, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ், சர்க்கரை பார்க்கும் ஊசி, காது குத்தும் ஊசி. சலூனில் புது பிளேடு மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

26. ரத்தம் சிந்தினால் பிளீச்சிங். இந்த வைரஸ் காய்ந்த ரத்தத்தில்கூட நாட்கணக்கில் உயிரோடிருக்கும். கையில் உறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு, பழந்துணியால் ஒற்றி எடுங்கள். 1 பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து அந்த இடத்தில் 10 நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். மாதவிடாய் நாப்கினைச் சுற்றிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து மருத்துவமனையில் ஒப்படையுங்கள்.

27. வீட்டில் மற்றவர்களுக்கும் ஒரு முறை பரிசோதனை. தாயிடமிருந்து குழந்தைக்குப் போக நூற்றுக்கு 5 அல்லது 6 வாய்ப்பு. கணவன் மனைவிக்குள் பரவுவது மிக அரிது, ஆனாலும் பார்த்துவிடுவது நிம்மதி. நாங்கள் நான்கு பேரும் ஒரே நாளில் ரத்தம் கொடுத்தோம்.

ரிப்போர்ட்டும் அதற்குப் பிறகும்

28. முடிவைச் சொல்வது மருந்து முடிந்து 12 வாரம் கழித்து எடுக்கும் பரிசோதனைதான். கடைசி மாத்திரை போட்ட நாளிலிருந்து இன்னொரு 84 நாளைக் காலண்டரில் எண்ணி, அந்தத் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். அன்று எச்.சி.வி. ஆர்.என்.ஏ. பரிசோதனையில் வைரஸ் இல்லை என்று வந்தால் அதன் பெயர் குணம். மருந்து தீர்ந்ததும் ஆளே வராமல் போவதுதான் இந்தச் சிகிச்சையில் நடக்கும் பெரிய தவறு. வைரஸ் திரும்ப வந்திருந்தாலும் வழி அடைபடவில்லை. வேறு கூட்டு மருந்தும் கூடுதல் வாரங்களும் இருக்கின்றன. முதல் முறை எந்த மருந்து, எத்தனை நாள் விட்டுப்போனது என்ற காலண்டர் கணக்கு அப்போது டாக்டருக்குப் பெரிதும் உதவும்.

29. குணமான பிறகும் மூன்று விஷயம் நினைவிருக்கட்டும். ஒன்று, ஆன்டிபாடி பரிசோதனை பெரும்பாலும் ஆயுள் முழுக்க பாசிட்டிவ் என்றே காட்டும். நோய் திரும்பிவிட்டது என்று நடுங்க வேண்டாம். ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டின் நகலைப் பத்திரமாக வைத்து, ஆபரேஷன், வேலை, விசா என்று கேட்கும் இடத்தில் காட்டுங்கள். ஆனால் ரத்ததானம் மட்டும் செய்யக்கூடாது. இரண்டு, ஒரு முறை குணமானால் மறுமுறை தொற்றாது என்றில்லை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் தொடர்ந்து கவனிக்க வேண்டும். மூன்று, ஈரல் சுருக்கம் இருந்தவர்களுக்கு வைரஸ் போன பிறகும் புற்றுநோய் வாய்ப்பு முழுக்கப் போகாது. 6 மாதத்துக்கு ஒரு முறை வயிற்று ஸ்கேன் என்பதை வீட்டுப் பிறந்தநாள் போல ஞாபகம் வையுங்கள்.

30. இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். 2022-ல் இந்தியாவில் சுமார் 55 லட்சம் பேர் இந்த வைரஸோடு வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது, வலிக்கவும் செய்யாது. 2000-களின் தொடக்கத்துக்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், ஊரில் ஒரே ஊசியைப் பலருக்குப் போட்ட காலத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள், தெருவோரம் பச்சை குத்திக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். அம்மாவின் 84-ஆவது நாள் காத்திருப்பு முடிந்து ரத்தம் கொடுக்கப் போனபோது, அதே வருஷங்களில் பிரசவத்துக்கு ரத்தம் ஏற்றிக்கொண்ட சித்தியையும் கையோடு அழைத்துப்போனோம். பயந்து பயந்துதான் வந்தார். அம்மாவுக்கு வைரஸ் இல்லை என்று வந்தது, சித்திக்கு அது எப்போதுமே இருந்ததில்லை என்று வந்தது. இருந்திருந்தாலும் சித்தி வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு காலண்டரை அப்பா வாங்கி வைத்திருந்தார்.